ஒன்றுக்குக் கீழே

கடலுக்குப் போய் ஒன்பது வருஷமாகத் திரும்பி வராத மனிதனுக்கு இயந்திரம் நான்கு புள்ளி இரண்டு போட்டிருந்தது. டெல்பினுக்கு அது நல்லதா கெட்டதா என்று விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நான்கு வாங்கி வந்தால் பிள்ளையின் காதைத் திருகுவார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"இது கொறவா, கூடுதலா சாரே?"

"கூடுதல்மா. ரொம்பக் கூடுதல். ஆளு உயிரோட இருக்க நூத்துக்கு எத்தன வாய்ப்புங்கற கணக்கு இது. ஒண்ணுக்குக் கீழ வந்தாத்தான் இறப்புச் சான்றிதழ் வரும்" என்றார் தாணுலிங்கம்.

நாகர்கோவிலில் இருப்புப் பதிவகம் என்று ஓர் அலுவலகம் திறந்து ஆறு வருஷமாகிறது. ஆள் இருக்கிறானா இல்லையா என்று முன்பெல்லாம் கிராம அதிகாரி எழுதிக்கொடுப்பார், தாசில்தார் முத்திரை குத்துவார். இப்போது அந்த வேலையை இயந்திரம் பார்க்கிறது. தாணுலிங்கம் அதற்கும் சனங்களுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, அது சொல்வதை வாசித்துக் காட்டுகிறார். முப்பது வருஷம் அரசாங்கத்தில் வேலை பார்த்துக் கடைசியில் கிடைத்த உத்தியோகம் அது.

டெல்பினுக்கு அந்தச் சான்றிதழ் இருபத்தைந்தாம் தேதிக்குள் வேண்டும். அன்று தேதி இரண்டு. மகள் அஜிஷாவை வெஸ்ட்மார் நாட்டில் நர்ஸ் படிப்புக்கு எடுத்திருந்தார்கள். படிப்பு, தங்குமிடம், பிறகு வேலை, எல்லாம் அவர்கள் பொறுப்பு. நிபந்தனை ஒன்றுதான்: பதினெட்டு வயது நிரம்புவதற்குள் விசா பதிவாகிவிட வேண்டும். அஜிஷாவுக்கு முப்பதாம் தேதி பதினெட்டு நிரம்புகிறது. அந்த நாள் தாண்டினால் இடம் போனது போனதுதான்.

வெஸ்ட்மார்க்காரர்கள் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். இந்திய விண்ணப்பதாரர்களுக்கான பட்டியல்தான் இருப்பதிலேயே நீளம். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, போலீஸ் சான்று என்று போய்க்கொண்டே இருக்கும். விண்ணப்பிப்பது பதினெட்டு நிரம்பாத பிள்ளையானால் தாயும் தகப்பனும் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். தகப்பன் இல்லையென்றால் இறப்புச் சான்று. 'காணவில்லை' என்ற தாளை மற்ற சில நாட்டவரிடம் வாங்கிக்கொள்வார்கள், நம்மிடம் மாட்டார்கள். இங்கே காணாமல்போன நம் ஆட்கள் சிலர் அங்கே போய் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்த பிறகு போட்ட விதி அது. எவனோ செய்ததற்கு வள்ளத்துறைக் கடற்கரை ஊர்க்காரி டெல்பின் அனுபவிக்க வேண்டியிருந்தது.

"சாரே, புயலில போன வள்ளமாக்கும். ஏழு பேரு போனாங்க. ஒருத்தரும் வரல்ல. மத்த ஆறு பேருக்கும் பேப்பரு குடுத்தாச்சே" என்றாள் டெல்பின்.

"அவங்களுக்கெல்லாம் பூஜ்யம் புள்ளி சொச்சம்தான் வந்துது. ஒங்க வீட்டுக்காரருக்கு நாலு வந்திருக்கு. அவரு தடம்னு எங்கயும் ஒண்ணும் இல்ல. பேங்குல இல்ல, ஓட்டுல இல்ல, எந்த ஆஸ்பத்திரியிலயும் இல்ல. அதெல்லாம் பூஜ்யம்."

"பின்ன நாலு எங்க இருந்து வந்துது?"

தாணுலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொல்லப் பிடிக்காததைச் சொல்லும்போது அவர் அப்படித்தான் செய்வார்.

"ஒங்ககிட்ட இருந்துதான்மா. அவரு நம்பருக்கு ஒம்பது வருஷமா ரீசார்ஜ் பண்ணுதீங்க. ரேஷன் கார்டுல பேரு அப்படியே இருக்கு. கோயில்ல வாராவாரம் அவரு பத்திரமாத் திரும்பி வரணும்னு பூசைக்கு எழுதிக் குடுக்கீங்க, அது பங்குப் பத்திரிகையில வருது. கழுத்துல தாலி கெடக்கு, ரேஷன் கடை காமிராவுல தெரியுது. இதெல்லாம் மெஷினு பாக்கும்."

"நான் தாலி போட்டிருக்கதுக்கு அவரு எப்பிடி சாரே உயிரோட இருப்பாரு?"

"நல்லாக் கேட்டீங்க. சொல்லுதேன் கேளுங்க. புருஷன ஒளிச்சு வச்சுக்கிட்டு செத்துட்டான்னு இன்சூரன்ஸ் வாங்குன கூட்டம் ஒண்ணு இருந்துது. அந்த வீட்டுப் பொம்பளைங்க என்ன செய்வாங்க? நம்பர உயிரோட வச்சிருப்பாங்க, தாலியக் கழத்த மாட்டாங்க, கல்லறைக்கு எடம் வாங்க மாட்டாங்க. லெச்சம் பேரப் பாத்து மெஷினு படிச்சுக்கிட்டது இது. ஆள் இருக்கான்னு தெரிஞ்சவளும் வருவான்னு காத்திருக்கவளும் ஒண்ணுபோலத்தான் நடப்பாங்க. அதுக்கு வித்தியாசம் தெரியாது."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? கையெழுத்து நான் போடலியே."

நல்ல மனிதர்தான். அதனால்தான் அவருக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை என்று பேச்சு.

பேருந்தில் வரும் வழியெல்லாம் டெல்பினுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காத்திருப்பதை நிறுத்து என்று சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? அடுப்பை அணைப்பதுபோல் ஒரு குமிழைத் திருகினால் முடிகிற காரியமா?

வீட்டுக்கு வந்ததும் முதலில் போனில் தொடங்கினாள். புருஷன் கிளீட்டஸின் போன் அவனோடு கடலுக்குள் போய்விட்டது. அதே நம்பருக்கு அவள் புது சிம் வாங்கி, ஒரு பழைய போனில் போட்டு, அடுக்களை அலமாரியில் டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அஜிஷா எட்டு வயதிலிருந்து அந்த நம்பருக்குத் தினமும் குரல் செய்தி அனுப்புவாள். "அப்பா, இண்ணைக்கு டீச்சரு என்ன அடிச்சாங்க" என்று தொடங்கிப் பேசிக்கொண்டே போவாள். அன்று மகளைக் கூப்பிட்டு, சிம்மை ரத்து செய்யப்போவதாகச் சொன்னபோது, அவள் "செரி" என்றாள், அவ்வளவுதான். எண் மூன்று புள்ளி நான்குக்கு இறங்கியது.

ரேஷன் கார்டில் பெயர் எடுத்தாள். இரண்டு புள்ளி ஒன்பது.

பங்குச் சாமியாரிடம் போய், ஆன்மா இளைப்பாறப் பூசை வைக்க வேண்டும் என்றாள். ஒன்பது வருஷம் சனிக்கிழமைதோறும் வேறு பூசைக்கு வந்தவள் அவள். அவர் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார். கல்லறைத் தோட்டத்தில் வெறும் மண்ணுக்கு மேல் ஒரு சிலுவை நட்டார்கள். பூசை முடிந்து வெளியே வந்தபோது கிளீட்டஸின் அக்கா மெற்றில்டா கோயில் வாசலில் வழியை மறித்தாள்.

"ஒம்பது வருசம் இல்லாத அவசரம் இப்பம் என்னத்துக்கு? மகள வெளிநாட்டுக்கு அனுப்ப எனக்க தம்பியக் கொல்லுதியா?"

"மைனி, எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டு. நல்லாப் பாக்கட்டு."

டெல்பின் விலகி நடந்தாள். சொல்ல அவளிடம் ஒன்று இருந்தது, ஆனால் மெற்றில்டாவிடம் சொல்லக்கூடியதல்ல. எண் ஒன்று புள்ளி ஒன்பதில் வந்து நின்றது.

தாலியை அவள் தானே கழற்றினாள். அடுத்த நாள் ரேஷன் கடையில் முகம் காட்டும்போது, முந்தானையை இழுத்து மூடப்போன கையை அடக்கிக்கொண்டு, வெறும் கழுத்தோடு காமிராவுக்கு முன் நின்றாள். கல்யாணத்தன்று போட்டோக்காரன் முன்னால் நின்றபோதுகூட அத்தனை வெட்கம் வரவில்லை. ஒன்று புள்ளி மூன்று.

அதற்குப் பிறகு எண் அசையவில்லை.

பதினாறாம் தேதி பார்த்தாள், ஒன்று புள்ளி மூன்று. பதினெட்டு, இருபது, அதேதான். முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டியாபீசில் அவளுக்கு வேலை. கொட்டையில் விழ வேண்டிய அடி இரண்டு முறை விரலில் விழுந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்ப் பதிவகத்துக்குப் போன் போடுவாள். தாணுலிங்கம் அவள் பெயரைக் கேட்பதற்கு முன்னாலேயே "அப்படியேதான்மா இருக்கு" என்பார். இருபத்தொன்றாம் தேதி அவரே கூப்பிட்டார்.

"உள்ள போயி விலாவாரியாப் பாத்தேன். செய்யக்கூடாது, பாத்துட்டேன். உங்க பக்கம் எல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா அவரு கணக்குக்கு இன்னும் ஒரு ஆளு தெனமும் குரல் அனுப்புது. சிம்மு போனாலும் அந்தக் கணக்கு மூடலல்லா? அங்க போயி விழுந்துக்கிட்டே இருக்கு. யாருன்னு எனக்குக் காட்டாது."

யாரென்று டெல்பினுக்குத் தெரியாதா?

மறுநாள் புதன்கிழமை. அரை நாள் லீவு கேட்டு வீட்டுக்கு வந்தாள். கையில் முந்திரிக்கறை அப்படியே இருந்தது. அஜிஷா கட்டிலில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். போக முடியுமா என்றே தெரியாத ஊருக்கு அவள் ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாக்கு இப்பமும் பேசுதியா மக்ளே?"

அஜிஷா மடிப்பதை நிறுத்தவில்லை. "ம்."

"அத நிப்பாட்டணும். அதுகொண்டாக்கும் நம்பரு எறங்கல்ல."

"முடியாது."

"மக்ளே, நாளக்கழிச்சு பேப்பரு போவணும்."

"போவாண்டாம். நீ சிம்ம எடுத்தே, பூசை வச்சே, தாலியக் கழத்துனே. நான் ஒரு வார்த்த கேட்டேனா? இது எனக்க. இதத் தரமாட்டேன்."

டெல்பின் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"அவரு வரமாட்டாரு."

"அது ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரிஞ்ச மாரி இல்ல. நான் பாத்தேன்."

அஜிஷா திரும்பினாள்.

"புயலு கழிஞ்சு ரெண்டாம் மாசம், கேரளத்தில ஒரு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாங்க, ஓர்ம இருக்கா? ஒன்னையும் கூட்டிட்டுப் போனேன். உள்ள வரிசையாப் போட்டிருந்தாங்க. பதினொண்ணாவது அவரு. மொகம் இல்ல. கழுத்தில மாதா படம் தச்ச உத்தரியக் கயிறு கெடந்து. அதில நூலு அறுந்ததுக்கு நான் நீல நூலு வச்சு தச்சுக் குடுத்திருந்தேன். அந்த நூலு அப்பிடியே இருந்து."

"அம்மா."

"வெளிய வந்தேன். நீ பெஞ்சில இருந்தே, கையில பிஸ்கட்டு. 'அப்பாவாம்மா?'ண்ணு கேட்டே. 'இல்ல மக்ளே'ண்ணு சொல்லிப்போட்டேன். ஒனக்க மொகத்தப் பாத்து வேற என்ன சொல்ல? அதுக்குப் பொறவுதான் போலீசுகாரன் நோட்ட நீட்டுனான். ஒன்கிட்ட இல்லண்ணு சொன்ன வாயி, அவன்கிட்ட ஆமாண்ணு சொல்ல வரல்ல. இல்லண்ணு எழுதிக் குடுத்திட்டேன். இல்லண்ணு சொன்னவங்ககிட்ட ஒத்துப் பாக்க ரத்தம்கூட எடுக்கல்ல. அவங்களே எங்கயோ அடக்கிட்டாங்க."

டெல்பின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "ஒரு வார்த்த சொல்லிப்போட்டேன். அதுக்காச்சுட்டி ஒம்பது வருசம் ரீசார்ஜ் பண்ணுனேன்."

மகள் கத்துவாள், அல்லது எழுந்து வெளியே போவாள் என்று டெல்பின் எதிர்பார்த்தாள். அஜிஷா ஸ்வெட்டரை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ பாத்தேண்ணு. பத்தாங் கிளாசு படிக்கும்போ தெரிஞ்சு போச்சு. அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த நாளுலேந்து நீ மீனு தின்னல்ல. எனக்குப் பொரிச்சு வைப்பே, முள்ளு எடுத்துத் தருவே, நீ ஒரு துண்டு வாயில வைக்கமாட்டே. கேட்டா வயிறு செரியில்லண்ணு சொல்லுவே. ஒரு வயிறு எத்தன வருசம்மா செரியில்லாம இருக்கும்?"

எல்லாவற்றையும் மறைத்துவிட்டதாக நினைத்திருந்தாள். தினமும் மூன்று வேளை தட்டில் வைத்துக் காட்டியிருக்கிறாள்.

"தெரிஞ்சுமா அவருகிட்ட பேசிட்டிருந்தே?"

"அவருகிட்ட ஆரு பேசுனா? ஒன்கிட்டயாக்கும் பேசுனேன்." அஜிஷாவின் குரல் இப்போதுதான் உடைந்தது. "நான் ஸ்கூலுக்குப் போன பொறவு நீ அந்தப் போன எடுத்துக் கேப்பேண்ணு எனக்குத் தெரியாதா? 'அப்பா, ஷூ பிஞ்சு போச்சு'ண்ணு சொன்னா அடுத்த ஞாயிறு ஷூ வரும். 'அப்பா, டூருக்குப் போவ ஆசையா இருக்கு, அம்மாட்டக் கேக்க மனசு வரல்ல'ண்ணு சொன்னா நீயே வந்து, 'டூரு ஒண்ணும் இல்லியா மக்ளே?'ண்ணு கேப்பே. நீ காத்திருக்கேண்ணு காட்டுனே. செரி, நானும் காத்திருக்கேன்ணு காட்டுனேன். நான் நிப்பாட்டியிருந்தா நீ தனியா ஆயிருப்பே."

அப்படியானால் அந்த வீட்டில் கடைசிச் சில வருஷங்களாக யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒருத்திக்காக மற்றவள் நடித்ததைத்தான் இயந்திரம் பார்த்துப் பார்த்து மதிப்பெண் போட்டிருக்கிறது. டெல்பினுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறாகிவிட்டது.

"செரி, போன அணைச்சாச்சே. மூணு வாரமா நான் கேக்கல்லியே. பின்னயும் எதுக்குப் பேசுனே?"

"நீ கேக்கமாட்டேண்ணுதான் பேசுனேன்." அஜிஷா அம்மாவின் கறை படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அங்க போவப் பயமா இருக்கும்மா. ரொம்பப் பயமா இருக்கு. ஒனக்க மொகத்தப் பாத்துச் சொன்னா, நீ போவாண்டாம்ண்ணு சொல்லிருவே."

"சொல்லமாட்டேன்."

"சொல்லுவே."

"ஆமா. சொல்லுவேன்" என்றாள் டெல்பின்.

பிறகு அஜிஷாதான் தன் போனை எடுத்து, அப்பாவின் கணக்கைத் திறந்தாள். நெருங்கிய உறவினர் மூடலாம் என்று ஓர் இடம் இருந்தது. தாயும் மகளும் பெருவிரல் வைக்க வேண்டும். கணக்கு நிரந்தரமாக மூடப்படும், உறுதியா என்று அது கேட்டது. டெல்பின் விரலைச் சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள். அஜிஷாவும் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் பதிவகத்திலிருந்து செய்தி வந்தது: பூஜ்யம் புள்ளி ஆறு.

வெள்ளிக்கிழமை காலையில் பதிவகத்தில் நல்ல கூட்டம். வரிசை வாசல் தாண்டி நின்றது. தாணுலிங்கம் அவர்களைப் பார்த்ததும் தாளை எடுத்து வைத்துவிட்டார். ஆனால் உடனே நீட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு விஷயம்மா. வெஸ்ட்மாருக்கு இது போதும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா தேதியப் பாருங்க."

டெல்பின் தாளை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தாள். பெயர், கிளீட்டஸ். ஊர், வள்ளத்துறை. இறந்த நாள் என்ற இடத்தில் இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி, புதன்கிழமை, மாலை நான்கு பத்து என்றிருந்தது.

"உடம்பு இல்லாத கேசுல மெஷினு அப்படித்தான் போடும். எண்ணு எப்பம் ஒண்ணுக்குக் கீழ போவுதோ, அந்த நேரம்தான் அதுக்குக் கணக்கு. புயல் அடிச்ச தேதின்னு திருத்தணும்னா ஒரு மனு குடுக்கணும். மூணு வாரம் ஆவும். பாப்பா போன பொறவு வேணும்னா..."

"அப்பம் இந்த ஒம்பது வருசமும் சாரே?"

"ரெக்கார்டு படி உயிரோட இருந்தாரும்மா."

டெல்பின் தாளை இன்னொரு முறை பார்த்தாள். "திருத்தாண்டாம்" என்றாள்.

ஜன்னலை விட்டு நாலடி நடந்திருப்பாள். அந்த அலுவலகத்தின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருஷமாக அவள் வாய்விட்டு அழுததில்லை. காத்திருக்கிறவள் எப்படி அழுவாள்? பூசையன்று அழுதிருக்கலாம், மெற்றில்டா விடவில்லை. இப்போது நெஞ்சில் அறைந்துகொண்டு, அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி, கடற்கரைப் பெண்கள் அழுகிறபடி ஊரே திரும்பிப் பார்க்குமாறு அழுதாள். அஜிஷா பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வரிசை கலைந்தது. யாரோ மின்விசிறியைத் திருப்பி வைத்தார்கள். வயதான ஒரு பெண் தன் இடத்தை விட்டு வந்து டெல்பினின் தோளைத் தொட்டாள்.

"ஆரும்மா, வீட்டுக்காரரா?"

டெல்பின் தலையை ஆட்டினாள்.

"அய்யோ. எப்பம்?"

டெல்பின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "முந்தாநாளு. சாயங்காலம்."

"கூட ஆராவது இருந்தாங்களா?"

"நானும் எனக்க மகளும் இருந்தோம்" என்றாள் டெல்பின்.